கியர் பிடிக்கும் வரை



பத்து நாளாகப் பங்கு இல்லத்து வாசலில் கார் நிற்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சந்தையில் பார்த்தவர்கள்கூட "வண்டி எங்கே ஃபாதர்?" என்று கேட்டீர்கள். சேலத்தில் வேலைக்கு விட்டிருந்தேன். முந்தாநாள் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. என் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபோது, நீங்கள்தாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஏற்கெனவே ஓடிய வண்டியாகப் பார்த்து, இந்த ஆட்டோமேட்டிக் காரை எடுத்துக் கொடுத்தீர்கள். தினக்கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை நான் மறக்கவில்லை. அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்று உங்களிடம் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. இன்று தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காய்க்காத அத்திமரத்தைப் பற்றி இப்போதுதான் கேட்டோம். வண்டியின் கதையைச் சொன்னால் அந்த மரத்தடிக்கே போய்ச் சேருவோம். கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள். நம் கிளைக்கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். யார் வீடு என்பதைப் பிறகு சொல்கிறேன். வீட்டுக்கு முன்னால் நல்ல மேடு. வண்டி மேட்டைப் பார்த்து நிற்கிறது. பின்னால் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு திண்ணை, திண்ணையில் நான்கைந்து பிள்ளைகள். ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, லிவரைப் பார்க்கிலிருந்து டிரைவுக்கு இழுத்தேன். பழக்கம், உடனே பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி முன்னால் போகவில்லை. எதிரே 'டி' என்ற எழுத்து பளிச்சென்று தெரிகிறது. எஞ்சின் ஓடுகிறது. சக்கரத்துக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று நொடி. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நான் பதறிப் பிரேக்கைத் தேடுவதற்குள், அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைப் போட்டார். வண்டி நின்றது. அதற்கப்புறம் 'டக்'கென்று ஒரு குலுக்கலோடு கியர் பிடித்தது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டவருக்கு நன்றி.

மறுநாள் காலையில் இதே பீடத்தின் முன் நின்று உங்கள் நெற்றியில் சாம்பல் பூசினேன். ஒவ்வொரு நெற்றியிலும் சிலுவை வரையும்போது அந்த 'டி' என்ற எழுத்துதான் என் கண்ணுக்குள் நின்றது. லிவரைப் போட்டாயிற்று. எழுத்தும் வந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நாம் தவக்காலத்துக்குள் நுழைந்துவிட்டோம். மூன்று வாரம் ஆகப்போகிறதே, பிரியமானவர்களே, வண்டி நகர்ந்திருக்கிறதா? மன்னிக்கிறேன் என்று மனதுக்குள் சொன்னோமே, அந்த வீட்டுப் படி ஏறினோமா? குடியை விடுகிறேன் என்று சிலுவையைத் தொட்டுச் சொன்ன தம்பி, இந்த மூன்று வாரம் எப்படிப் போயிற்று? நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. எனக்கும் அந்த மூன்று நொடி இருக்கிறது. என்னுடையது நொடிக்கணக்கில் இல்லை, வருடக்கணக்கில் இருந்தது.

வண்டியை முதலில் காட்டிய இடத்தில், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போயிடுச்சு, முழுசா மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை நம் கோயில் கூரைக்குச் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகம். மனம் கனத்துப் போயிற்று. பிறகு ஒருவர் சொல்லி, ஆட்டோமேட்டிக் கியர் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் போனேன். தலை நரைத்தவர், நம் மதத்தைச் சேர்ந்தவர் இல்லை. அவர் வண்டியை ஓட்டவே இல்லை. முதலில் சமதளத்தில் நிறுத்தச் சொன்னார். எஞ்சின் சூடாகும்வரை காத்திருந்தார். எஞ்சினை ஓடவிட்டபடியே கியர் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். இப்போது வருகிற பல வண்டிகளில் அந்தக் கம்பியே கிடையாதாம்; அடியில் படுத்து, கம்பெனி சொன்ன சூட்டில் ஒரு பிளக்கைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டுமாம். நம்முடையது பழைய வண்டி, கம்பி இருந்தது. நுனியில் ஒட்டிய ஆயிலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்து, மோந்து பார்த்து, என் பக்கம் நீட்டினார். புது ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்கும். இது கருப்பட்டிக் காப்பி நிறத்தில், லேசாகத் தீய்ந்த வாடையோடு இருந்தது. அளவும் குறைவு.

"கியர் போகலைங்க ஃபாதர். பிரஷர்தான் ஏற மாட்டேங்குது" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சாதாரண வண்டியில் காலும் கையும் செய்கிற வேலையை இந்த வண்டியில் ஆயில் செய்கிறது. உள்ளே ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி அழுத்தத்தோடு அனுப்புகிறது. வால்வு பாடி என்று ஒரு அலுமினியப் பலகை. கறையான் புற்றைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அப்படி வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால்கள் அதில். எந்த வாய்க்காலுக்கு மடை திறக்க வேண்டும் என்று சொல்கிறவை சொலினாய்டுகள். மடை திறந்ததும் ஆயில் பாய்ந்து, கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துகிறது. அப்போதுதான் சக்கரம் சுழலும். 1940-ஆம் ஆண்டு மாடலாக ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் முதன்முதலாக இந்த வகைக் கியர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கும் வேலை செய்தது ஆயிலின் அழுத்தம்தான். ஆயில் குறைந்தாலோ, பழசாகிக் கெட்டாலோ, ஃபில்டர் அடைத்தாலோ, உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் வயசாகி இறுகிப் போனாலோ, அழுத்தம் ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரம்தான் என் மூன்று நொடி.

பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் ஏறி வந்தேன். "எஞ்சின் ஆயில் மாதிரி இது எரிஞ்சு குறையாதுங்க. குறைஞ்சிருக்குதுன்னா எங்கியோ ஒழுகியிருக்குது."

ஒழுகிய இடம் தெரிந்தது. சக்கரத்துக்குப் போகும் தண்டு கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு ஆயில் சீல். பெருக்கு இல்லை, கசிவு. தினம் ஒரு சொட்டோ இரண்டு சொட்டோ. தரையில் கறை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

சகோதர சகோதரிகளே, செபம் ஒரே நாளில் யாரையும் விட்டுப் போவதில்லை. கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியுமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் களைப்பு. இன்னொரு நாள் தொடர் முடிய நேரமாகிவிட்டது. இன்னொரு நாள் கையில் போன். உங்கள் வீட்டில் எங்கே ஒழுகுகிறது? இந்தக் கேள்வியை நான் கேட்டால் கோபம் வரலாம். இன்றிரவு விளக்கை அணைத்த பிறகு நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆயிலை இறக்கியபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். அடியில் இருக்கும் ஆயில் பேனைக் கழற்றினார். அதன் உள்பக்கத்தில் ஒரு சின்னக் காந்தம், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று அப்பியிருந்தது. விரலால் வழித்தார். சாம்பல் புதனன்று குருத்தோலைச் சாம்பலில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அதே போல இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. "உள்ளே இவ்வளவு தேஞ்சுபோச்சா?" என்றேன். அவர் சிரித்தார். அந்தப் பசையை வெயிலில் நீட்டி, விரல்களுக்கு நடுவில் தேய்த்துக் காட்டினார். கரகரப்பே இல்லை. "மாவு மாதிரி இருந்தா அது தேய்மானங்க. ஓடுற வண்டி எல்லாத்துலயும் இருக்கும். துண்டு துண்டா இரும்பு இருந்தாத்தான் பயப்படணும். இதைப் புடிச்சு வைக்கத்தான் காந்தத்தையே வெச்சிருக்காங்க."

வண்டியைச் செய்தவர்கள், அது தேயும் என்று முதலிலேயே தெரிந்து, தேய்ந்ததைப் பிடித்து வைக்க உள்ளே ஒரு காந்தத்தை வைத்திருக்கிறார்கள். நம்மைச் செய்தவருக்குத் தெரியாதா? நாம் மண் என்று அவருக்குத் தெரியும். ஒப்புரவு அருளடையாளத்தை அவர் திருச்சபைக்குக் கொடுத்தது, தேயாத மனிதர்கள் வரட்டும் என்றா? அந்த ஒப்புரவுத் தொட்டியில் உட்கார்ந்து இத்தனை வருடமாக உங்கள் பாவங்களைக் கேட்கிறேன். பெரும்பாலும் அது மாவுதான், பிள்ளைகளே. மாவைப் பார்த்துப் பயந்து, வண்டியே போய்விட்டது என்று கோயில் பக்கம் வராமல் இருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். ஒருவேளை இரும்புத் துண்டே கிடக்கட்டும், அப்போதும் வாருங்கள். அதற்கும் அவரிடம் வழி உண்டு.

இப்போது அத்திமரத்துக்கு வருவோம். மூன்று வருடம் காய் தேடி வந்த உரிமையாளர், வெட்டிவிடு, இடத்தை ஏன் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறார். மலையில் காப்பி போட்டவர்களுக்கு அந்த மூன்று வருடக் கணக்கு நன்றாகப் புரியும். நட்ட செடி காய்ப்புக்கு வர அவ்வளவு காலம் ஆகும், அதற்கு மேலும் வெறுமனே நின்றால் யாருக்கும் பொறுமை போகும். அப்போது குறுக்கே பேசுகிறவர் யார்? தோட்டத்தில் வேலை செய்கிறவர். உங்களைப் போலத் தோட்டத் தொழிலாளர். இன்னும் ஒரு வருடம் விட்டு வைக்கச் சொல்கிறார். சும்மா விட்டு வைக்கச் சொல்லவில்லை. நான் சுற்றிலும் கொத்திவிட்டு எரு போடுகிறேன் என்கிறார். கொத்துப் போட்டவர்களுக்குத் தெரியும், அது யாருடைய முதுகு வலிக்கிற வேலை என்று. மரத்துக்காகப் பேசியவரே மரத்தடியில் குனிந்து நிற்கிறார்.

மரம் அடுத்த வருடம் காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை. கதையை அங்கேயே நிறுத்திவிட்டார். நாம் இன்னும் அந்த ஒரு வருடத்துக்குள்தான் இருக்கிறோம்.

என் மெக்கானிக்கும் அப்படித்தான் கேட்டார். "பாக்ஸை மாத்தறது கடைசி வழிங்க. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க." சீலை மாற்றினார். ஃபில்டரை மாற்றினார். இந்தக் கியர்பாக்ஸுக்கு என்று சொல்லப்பட்ட ஆயிலைத் தேடி வாங்கினார். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை, மாற்றி ஊற்றினால் இருப்பதும் கெட்டுவிடும் என்றார். நான் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடும்படி சொன்னேன். முடியாது என்றார். உள்ளே ஏறக்குறைய 7 லிட்டர் இருக்கிறது, அடியில் திறந்தால் 3 லிட்டர்தான் இறங்கும், மீதி டார்க் கன்வர்ட்டர் என்ற பாகத்துக்குள்ளும் வாய்க்கால்களுக்குள்ளும் தங்கிவிடும். மிஷின் வைத்து வேகமாக அடித்துக் கழுவலாம். இவ்வளவு பழைய வண்டியில் அது படிந்த அழுக்கைக் கிளப்பி வால்வுகளில் கொண்டுபோய் அடைத்துவிடுமோ என்று அவருக்குப் பயம். ஆகவே 3 லிட்டர் இறக்கி, 3 லிட்டர் ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடியும் இறக்கி ஊற்றினார். இரண்டு தடவை ஆகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பழைய ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பாஸ்காவுக்குப் பிறகு மூன்றாவது தடவை.

போன தவக்காலத்தில் விட்ட கோபம் இந்தத் தவக்காலத்தில் திரும்பி வந்துவிட்டதே என்று அழுகிற அம்மா, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். திரும்பி வந்தது முழுக் கோபமா, மூன்றில் ஒரு பங்கா? ஆண்டவர் உங்களை மிஷின் வைத்து அடிக்கவில்லை. அவருக்கு உங்கள் உள்வாய்க்கால் எவ்வளவு மெல்லியது என்று தெரியும்.

இன்னொன்றும் மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். கியர் பிடிக்க நேரமானால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே கூடாது. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் முடுக்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது பிளேட்டுகள் வந்து ஒட்டும். ஒட்டுகிற அந்த நொடியிலேயே தீயும். தாமதத்தால் கெட்ட வண்டியைவிட, தாமதம் பொறுக்காமல் மிதித்துக் கெட்ட வண்டிகள்தான் தன்னிடம் அதிகம் வருவதாகச் சொன்னார்.

இதைக் கேட்டதும் புனித மோனிக்கா நினைவுக்கு வந்தார். மகன் அகுஸ்தீன் வழிதவறிப் போனபோது, அவனோடு பேசித் திருத்தும்படி ஓர் ஆயரிடம் போய்க் கெஞ்சினார். அந்த ஆயர் மறுத்துவிட்டார். அவன் இன்னும் கேட்கிற பக்குவத்துக்கு வரவில்லை, அவனை விட்டுவிட்டு அவனுக்காகச் செபம் மட்டும் செய் என்று அனுப்பினார். தாய்க்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! 354-இல் பிறந்த அகுஸ்தீன் 387-ஆம் ஆண்டு பாஸ்காவில்தான் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார். தூய்மையைக் கேட்டு மன்றாடிக்கொண்டே, உடனே வேண்டாம் என்றும் மன்றாடிய மனிதர் அவர். அதைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். கியர் பிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று பாருங்கள். பிடித்த பிறகு எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதும் நமக்குத் தெரியும். கோயிலுக்கு வராத மகனை ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நிறுத்தித் திட்டுகிற அப்பாக்களே, கொஞ்சம் காலை எடுங்கள். பிரேக்கில் வையுங்கள், வீட்டை உருளவிடாதீர்கள், ஆனால் மிதிக்காதீர்கள்.

முதல் வாசகத்தில் எரிகிற முட்செடியின் முன் நின்றாரே மோசே, அவரும் உடனே கிளம்பவில்லை. தொடர்ந்து வாசித்தால் தெரியும், ஒன்றன்பின் ஒன்றாகச் சாக்குச் சொல்கிறார், கடைசியில் வேறு யாரையாவது அனுப்பும்படியே கேட்டுவிடுகிறார். ஆண்டவருக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனாலும் அவரைத் தள்ளிவிடவில்லை. துணைக்கு ஆரோனைக் கொடுத்தார். லோத்து இன்னும் மோசம். ஊர் எரியப்போகிறது என்று தெரிந்தும் தயங்கி நின்றார். வானதூதர்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கையைப் பிடித்து வெளியே இழுத்துக் கொண்டுபோனார்கள். ஆண்டவர் இரக்கப்பட்டதால்தான் என்று தொடக்கநூலே காரணம் சொல்கிறது. தயங்குகிறவனின் கையைப் பிடித்து இழுப்பதற்குப் பெயர் அங்கே இரக்கம்.

அந்த வீடு யாருடையது என்று சொல்வதாகச் சொன்னேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார்.

நான் இந்தப் பங்குக்கு வந்த புதிது. ஒரு மாலை, அவர் மனைவிக்கு ரொம்ப முடியவில்லை, நோயில்பூசுதல் கொடுக்க வர வேண்டும் என்று ஆள் வந்தது. இதோ வருகிறேன் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு கூட்டமும் இருந்தது. காலையில் போகலாம் என்று இருந்துவிட்டேன். காலையில் போனபோது அந்த அம்மாவை வெளியே கிடத்தியிருந்தார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். லிவரைப் போட்டுவிட்டேன், எழுத்தும் வந்துவிட்டது. நான்கு வருடம் நகரவில்லை. அந்த ஊருக்குப் பூசை வைக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தெருவை விட்டு வேறு தெருவில் போனேன்.

சாம்பல் புதனுக்கு முந்தின நாள்தான் போனேன். அவர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மனைவியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுங்காப்பி கொடுத்தார். எழுந்து வந்து வண்டியில் ஏறினேன், மன்னித்தாரா இல்லையா என்று தெரியாமலே. அப்புறம் நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் அவர்தான். எழுபதைத் தாண்டியவர். சக்கரத்துக்கு அடியில் கல்லைச் செருகிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் வந்து சொன்னார்: "அவசரப்படாதீங்க சாமி. பிடிக்கட்டும். நான் இங்கதான் நிக்கிறேன்."

வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. லிவரைப் போட்டதும் ஒரு நொடிக்குள் கியர் பிடிக்கிறது. இரவெல்லாம் நின்ற பிறகு காலையில் முதல் தடவை மட்டும் இன்னும் லேசாகத் தயங்குகிறது. சீல்கள் கொஞ்சம் இறுகியிருக்கின்றன, பார்த்துக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்லை நான் டிக்கியில் வைத்திருக்கிறேன்.

பூசை முடிந்ததும் 11 மணி வரை ஒப்புரவுத் தொட்டியில் இருப்பேன். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் வாருங்கள், கணக்குக் கேட்க மாட்டேன். சாயங்காலம் 4 மணிக்கு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகிறேன். அவருடைய மனைவியின் கல்லறையில் மந்திரிக்கச் சொல்லியிருக்கிறார். வண்டியில் இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.